கோயில் காட்டில் புதரும் இருக்கட்டும்

ஆசிரியருக்கு வணக்கம்.

புதுச்சேரியிலிருந்து மரக்காணம் போகும் வழியில், கீழ்ப்புத்துப்பட்டு அய்யனார் கோயிலைச் சூழ்ந்திருக்கும் காட்டை அண்மையில் போய்ப் பார்த்தேன். சோழமண்டலக் கரையோரம் ஒருகாலத்தில் நீண்டு கிடந்த உலர் பசுமைமாறாக் காட்டில் மிஞ்சிய துண்டுகளில் அதுவும் ஒன்று. அய்யனார் மேலுள்ள பயபக்திதான் அதைக் காப்பாற்றி வைத்திருக்கிறது.

ஐப்பசி, கார்த்திகை மழையை நம்பியே வாழும் காடு அது. ஆனாலும் கோடையில்கூடப் பச்சை மாறுவதில்லை. தடித்துப் பளபளக்கும் இலைகள் ஈரத்தை எளிதில் விடுவதில்லை. காசா மரங்கள்தான் அதிகம். பழம்பாடல்களில் வரும் காயா இதுதான். பூக்கும் பருவத்தில் கிளையோடு ஒட்டி நீலம் நீலமாக அப்பிக்கொள்ளும். திருமாலை ஏன் காயாம்பூ வண்ணன் என்றார்கள் என்று அப்போது புரியும். வீரை, கருங்காலி, காட்டு எலுமிச்சை எல்லாம் உண்டு. இருந்தாலும் என்னை நிற்க வைத்தவை கொடிகள்தான். மோதிரக்கண்ணியைக் கிட்டப் போய்ப் பார்க்க வேண்டும். கிளையில் இரண்டிரண்டாகச் சுருண்ட கொக்கிகள். பக்கத்துச் சுள்ளி சிக்கியதும் அவை தடித்து இறுகிவிடுகின்றன. அப்படிப் பற்றிப் பற்றியே மேலே ஏறுகிறது.

இதையெல்லாம் எழுதக் காரணம், பல ஊர்களில் கோயில் காட்டைச் சுத்தம் செய்கிறோம் என்று பெரிய மரங்களை மட்டும் விட்டுவிட்டு, கொடியையும் புதரையும் வெட்டி, சருகைக் கூட்டி எரித்து, சிமென்ட் தளம் போடுகிறார்கள். நல்ல மனதோடுதான் செய்கிறார்கள். ஆனால் காசா மெதுவாக வளரும் மரம். அதன் கன்று நிழலிலும் சருகின் ஈரத்திலும்தான் தலையெடுக்கும். அவை போய்விட்டால், ஒரு மரம் சாய்ந்த இடத்துக்கு அடுத்த மரம் இருக்காது. சீமைக்கருவேல்தான் வந்து உட்காரும்.

திண்டுக்கல் மாவட்டம் காசம்பட்டியின் வீரகோயில் காட்டை 2025-ல் தமிழக அரசு பல்லுயிர் பாரம்பரியத் தலமாக, அதாவது உயிரின வளத்துக்காகச் சட்டப்படி காக்க வேண்டிய இடமாக, அறிவித்தது. பரப்பு வெறும் 4.97 ஹெக்டேர். அவ்வளவு சின்னக் காட்டுக்கே கிடைத்திருக்கிறது என்றால் மற்ற ஊர்களும் தாராளமாகக் கேட்கலாம். உள்ளாட்சி அமைப்புகளைக் கலந்தே அறிவிக்க வேண்டும் என்கிறது 2002-ஆம் ஆண்டின் பல்லுயிர்ச் சட்டம். எனவே கிராம சபையில் ஒரு தீர்மானம் போட்டுத் தொடங்கலாம்.

அதுவரை, பொங்கல் வைப்பதையும் வண்டி நிறுத்துவதையும் காட்டுக்கு வெளியே வைத்துக்கொள்ளுங்கள். திருவிழாவுக்குச் சன்னிதியையும் பாதையையும் கூட்டினால் போதும், சருகு கிடக்கட்டும்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்