இடிக்காத ஐந்தாம் இலக்கம்

அன்புள்ள மகனுக்கு,

தொலைபேசியில் நீ சொன்னதை இரண்டு நாட்களாக மனத்தில் வைத்திருந்துவிட்டு இதை எழுதுகிறேன். தொழில்முறை ஐஸ் ஹொக்கி அணியில் சேர்ந்த முதல் பருவத்திலேயே, போதிய அளவு மோதி ஆடுவதில்லை என்று பயிற்றுநர் உன்னை இரண்டு ஆட்டங்களுக்கு வெளியே இருத்தியதாகவும், இனி எதிரே வருகிற எவனையும் ஆடுகளத்தைச் சுற்றியுள்ள பலகையோடு சேர்த்து இடிக்கப் போவதாகவும் சொன்னாய். பயிற்றுநர் சொல்வதைக் கேட்க வேண்டியதுதான். ஆனால் உன் குரலில் இருந்தது கீழ்ப்படிவு அல்ல, கோபம்.

உனக்கு எட்டு வயதாக இருந்தபோது, கனடாவின் வின்சரிலிருந்து ஆற்றைக் கடந்து அமெரிக்காவின் டிட்ரொயிட்டிலிருந்த ஜோ லூயிஸ் அரங்குக்குப் போனோம். அது டிட்ரொயிட் அணியின் ஐந்தாம் இலக்கத் தடுப்பாட்டக்காரர் நிக்லாஸ் லிட்ஸ்ட்ரோமின் கடைசிப் பருவம். மேல்வரிசையில், என் குளிரங்கிப் பைக்குள் கையைச் செருகியபடி, "அப்பா, அஞ்சாம் நம்பர் ஏன் ஒருத்தரையும் இடிக்கிறேல்லை?" என்று கேட்டாய். யாழ்ப்பாணத்தில் ஐஸ்பழத்தைத் தவிர வேறு பனிக்கட்டியை அறியாமல் வளர்ந்த எனக்கு அன்று பதில் தெரியவில்லை.

பழைய ஆட்டங்களைத் திரும்பத் திரும்பப் பார்த்த பிறகே அது விளங்கியது. எதிரணிக்காரன் பக் என்கிற அந்த ரப்பர் வட்டைக் கொண்டு விரைந்து வரும்போது அவர் பின்னோக்கிச் சறுக்கியபடியே இருவருக்கும் இடையில் ஏறத்தாழ ஒரு தடி நீளத்தை விட்டுவைப்பார். உட்பக்கத்தை அடைத்து, வெளிப்பக்கம் மட்டும் வழி இருப்பதாகக் காட்டி, அவனைப் பலகையோரம் ஒதுக்குவார். தடியின் அலகோ பக் கடத்தப்படக்கூடிய பாதையில் பனியை விட்டு எழும்பாமல் கிடக்கும். வந்தவனுக்கு இடம் தீர்ந்துபோகும்போது பக் எப்படியோ லிட்ஸ்ட்ரோமிடம் இருக்கும். இடிப்பதற்கு அங்கே என்ன மிச்சம்?

சுவீடனிலிருந்து வந்த அவரை லீக் அணிகள் புதிய ஆட்டக்காரரை முறைவைத்து எடுக்கும் 1989 தெரிவில் டிட்ரொயிட் எடுத்தபோது, ஐம்பத்திரண்டு பேர் ஏற்கெனவே தெரிவாகியிருந்தார்கள். சிறந்த தடுப்பாட்டக்காரருக்கான நோரிஸ் விருதில் 1998 முதல் மூன்று ஆண்டுகள் தொடர்ந்து இரண்டாம் இடமே கிடைத்தது. முதல் விருது 2001இல், முப்பத்தொரு வயதில். ஏழாவது 2011இல், நாற்பத்தொரு வயதில். லீக்கின் வாகை அணிக்குரிய ஸ்டான்லி கிண்ணத்தை நான்கு முறை வென்று, 2008இல் அணித்தலைவராகவே அதைத் தூக்கியதெல்லாம் உனக்கு மனப்பாடம்; அதை நான் விரிக்கவில்லை.

எனக்குப் பெரிதாகப் படுவது வேறொரு கணக்கு. ஒரே அணியில் இருபது பருவங்கள், 1,564 ஆட்டங்கள். அத்தனையிலும் தண்டனைக்காக வெளியே இருந்தது 514 நிமிடங்கள், அதாவது ஆட்டத்துக்கு இருபது விநாடிகூட இல்லை. உடம்பைச் சில்லறையாக மாற்றிச் செலவழிக்காததால்தான் நாற்பதைத் தாண்டியும் அவரால் ஆட முடிந்தது என்பது என் எண்ணம். எல்லாருக்கும் அந்த அறிவு வாய்க்காது, மோதி ஆடியும் பெரிய ஆட்டக்காரர்கள் வந்திருக்கிறார்கள் என்று நீ வாதாடுவாய், உண்மைதான். ஆனால் சிறுவயதிலிருந்தே உன் கண் மனிதனைவிடப் பக்கையே தேடும். காலை ஐந்து மணிப் பயிற்சிகளில் கண்ணாடிக்கு வெளியே தேநீர்க் குடுவையோடு நின்று அதைப் பார்த்தவன் நான்.

ஆகவே பயிற்றுநரிடம் கோபப்படாமல், எந்தெந்த இடங்களில் மோதியிருக்க வேண்டும் என்று காணொளியை வைத்துக் காட்டச் சொல். வெளியே இருத்துவதற்கு முந்திய ஆட்டத்தின் பதிவை எனக்கும் அனுப்பு. இரண்டாம் பகுதியில் உன் தடி பனியை விட்டு எழும்பியிருந்ததோ என்று எனக்கு ஒரு சந்தேகம் இருக்கிறது.

அன்புடன்,
அப்பா