முதலில் ‘ல’ எழுது

செட்ஸ்வர்த், டர்பன்

அன்பு மகளுக்கு,

இரண்டு துணிக்கு நடுவே பஞ்சு வைத்துத் தைக்கும் குவில்ட் போர்வைத் தையலின் படங்களை அனுப்பியிருந்தாய். முன்பக்கம் அழகாகத்தான் இருக்கிறது. நான் பார்த்தது பின்பக்கத்தை. தையல் ஆலையில் இயந்திரம் பழுதுபார்த்தே தலை நரைத்தவனுக்குக் கண் வேறு எங்கே போகும்? வளைவு வரும் இடமெல்லாம் மேல்நூல் கண்ணிமை மயிர்போல வரிசையாக இழுபட்டு நிற்கிறது. நேர்கோட்டில் அது இல்லை. அதனால் இயந்திரத்தைத் தூக்கிக்கொண்டு கடைக்கு ஓடாதே. அதன்மேல் குற்றமில்லை.

மேல்நூலின் இழுப்பு, அதாவது டென்ஷன், தளர்ந்திருந்தால் நேர்கோட்டிலும் தெரியும். வளைவில் மட்டும் தெரிந்தால் அங்கே கை பறக்கிறது என்று பொருள். வளைவைக் கண்டதும் கைக்கு அவசரம் வந்துவிடுகிறது. காலோ பழைய வேகத்திலேயே மிதித்துக்கொண்டிருக்கிறது. வேண்டுமானால் மேல் டென்ஷனை அரைப் புள்ளி கூட்டு. அதற்குமேல் திருகாதே.

நீ கணக்கில் கெட்டிக்காரி, இதைப் போட்டுப் பார். வீட்டு இயந்திரம் முழு வேகத்தில் நிமிடத்துக்கு 800 தையல் போடும் என்று வை. (ஆலை இயந்திரங்கள் 5,000 வரை ஓடும், அது வேறு உலகம்.) பாதி மிதித்தால் 400. கையால் நகர்த்தித் தைக்கும் ஃப்ரீ மோஷனுக்காக, துணியைத் தள்ளும் பல்லை இறக்கிவிட்ட பிறகு துணியை நகர்த்துவது உன் கைதான். தையல் நீளத் திருகு எந்த எண்ணைக் காட்டினாலும் அதற்கு வேலை இல்லை. தையல் 2.5 மில்லிமீட்டர் வர வேண்டுமென்றால் கை நிமிடத்துக்கு ஒரு மீட்டர் நகர வேண்டும். விநாடிக்கு ஒன்றே முக்கால் சென்டிமீட்டர்கூட இல்லை! மேசையில் அளவு நாடாவை விரித்து, கடிகாரத்தைப் பார்த்தபடி ஒரு நிமிடம் விரலை நகர்த்திப் பார். எவ்வளவு மெதுவென்று அப்போது தெரியும்.

ஊசி உடைகிறது என்று எழுதியிருந்தாய். ஊசி துணிக்குள் இறங்கியிருக்கும்போது நீ துணியை இழுத்தால் ஊசி வளைகிறது. கீழே போய் மேலே ஏறத் தொடங்கும் நொடியில் ஊசிக்குப் பின்னால் நூல் ஒரு சிறு கண்ணியாக விரியும். கொக்கி வந்து அந்தக் கண்ணியைப் பிடித்தால்தான் தையல் விழும். ஊசி ஒரு மயிரிழை விலகினாலும் கொக்கி தவறவிடும், தையல் தப்பும். இன்னும் வளைந்தால் ஊசித்தட்டில் இடித்து முறியும். 90/14 அளவு ஊசி போடு. மெல்லிய ஊசி மூன்று அடுக்குக்குத் தாங்காது. குவில்ட் மேசையிலிருந்து தொங்கினால் அதன் பாரமே துணியை இழுக்கும். இடப்பக்கமும் பின்பக்கமும் இன்னொரு மேசையைச் சேர்த்துப் போட்டுக்கொள். பிடி நழுவாமலிருக்க ரப்பர் பூசிய தோட்டக் கையுறை போதும், விலை உயர்ந்தது தேவையில்லை.

இனி பயிற்சி. இரண்டு துணிக்கு நடுவே பஞ்சு விரிப்பை வைத்து 40 சென்டிமீட்டர் சதுரமாகச் சில துண்டுகள் செய்துகொள். மேல்துணி வெளிர் நிறத்தில் அச்சு இல்லாததாகவும், நூல் கறுப்பாகவும் இருக்கட்டும். தவறு கண்ணில் படுவதற்குத்தானே பயிற்சி! தொடங்கும்போது அடியில் இருக்கும் பாபின் நூலை மேலே இழுத்துக்கொள், இல்லாவிட்டால் அடியில் சிக்கல் விழும். பிறகு சனிக்கிழமைத் தமிழ் வகுப்பில் எழுதியதுபோல, கையெடுக்காமல் ‘ல’ ‘ல’ ‘ல’ என்று ஒன்றோடொன்று கோத்து எழுது. சுழி எல்லாம் ஒரே அளவில் வரும்வரை அதையே எழுது. அடுத்து, கோட்டைக் கோடு வெட்டாமல் நெளிந்து போகும் வடிவம். மாங்காய் வடிவத்துக்கு ஆசைப்படுகிறாய் என்று தெரியும். அதில் கூர்நுனியில் நிற்கும்போது காலும் கையும் ஒரே நேரத்தில் நிற்க வேண்டும். கால் முந்தி நின்றால் கடைசித் தையல் நீளும், பிந்தினால் அங்கே நூல் முடிச்சுப்போல் குவியும். அதனால் மாங்காய் கடைசியில். ஊசியைப் பார்க்காதே, போகப்போகும் இடத்தைப் பார்.

ஆயாவின் புடவைகளை இப்போது தொடாதே. அவை ஜார்ஜெட், பஞ்சின்மேல் வழுக்கும். தைக்கும் காலம் வரும்போது பின்னால் ஒட்டும் துணியை மிதமான சூட்டில் இஸ்திரி போட்டு ஒட்டிவிட்டுத்தான் வெட்ட வேண்டும்.

குவில்டின் அடிப்பக்கத்துக்கு ஷ்வேஷ்வே என்ற நம் ஊர் நீல அச்சுப் பருத்தித் துணி அனுப்புகிறேன். கிரே தெருவுக்கு டாக்டர் யூசுப் தாதூ தெரு என்று பெயர் மாற்றி எவ்வளவோ காலமாயிற்று, உன் அம்மாவுக்கு அது இன்றும் கிரே தெருதான். அங்கே பேரம் பேசி வாங்கினாள். பின்புறம் அசல் துணிக்கு அடையாளமான மூன்று பூனை முத்திரை இருக்கிறதா என்று பார்த்துத்தான் எடுத்தாள். கிழக்குக் கேப்பில் ஸ்வெலிட்ஷாவில் அச்சிட்ட துணி. அகலம் 90 சென்டிமீட்டர்தான், அதனால் அடிப்பக்கத்துக்கு ஒட்டுப்போட வேண்டிவரும். கஞ்சி ஏறி அட்டைபோல் விறைத்திருக்கும். அப்படியே தைத்துவிடாதே: தனியாக அலசு, சாயம் போகும், சுருங்கவும் செய்யும். அதன் நெருக்கமான அச்சில் உன் கோணல் தையல் பாதி மறைந்துவிடும், அதற்காகத்தான் தேர்ந்தெடுத்தேன்.

பொட்டலத்தில் ஊசியும் ஃப்ரீ மோஷனுக்கான அழுத்துபாதமான டார்னிங் ஃபுட்டும் இருக்கின்றன. மாங்காய் ஊறுகாயையும் வை என்றாள் அம்மா. நியூசிலாந்தில் விதை, பழம் என்றால் கடுமையாகச் சோதிப்பார்கள், பொட்டலமே நின்றுவிடலாம் என்று சொல்லி எடுத்துவிட்டேன். நேற்றிலிருந்து என்னோடு பேச்சில்லை. நீ ஞாயிற்றுக்கிழமை அழைக்கும்போது, எடுத்தது சரிதான் என்று அவளிடம் ஒரு வார்த்தை சொல்.

அன்புடன்,
அப்பா