முருகன்கள் கூடிய ஆண்டு: செயலாளர் அறிக்கை, 2024–25

தலைவர் முருகன் அவர்களே, பொருளாளர் முருகன் அவர்களே, உறுப்பினர்களாகிய மற்ற முருகன்களே, இவர்களைக் கட்டி மேய்க்கும் வீட்டாரே, வணக்கம்.

முதலில் ஒரு விளக்கம். போன வருடக் கூட்டக் குறிப்பில், “முருகன் முன்மொழிய, முருகன் வழிமொழிய, முருகன் எதிர்க்க, தீர்மானம் நிறைவேறியது” என்று எழுதியிருந்தேன். கணக்குப் பார்க்க வந்தவர், “ஒரே ஆள் தனக்குத்தானே பேசிக்கொண்டாரா?” என்று கேட்டுவிட்டார். இனிஷியல் போட்டுப் பார்த்தோம். எஸ். முருகன் மட்டும் நான்கு பேர். அதில் இரண்டு பேருக்கு அப்பா பெயர் சண்முகம். ஆக அதுவும் முருகன்தான். எனவே இனி ஊர் வைத்த பெயரே குறிப்பில் ஏறும். டைலர் முருகன், ஒயர்மேன் முருகன், நெட்டை முருகன் கோபித்துக்கொள்ள வேண்டாம்.

பெயர்நாள் விழாவைத் தைப்பூசத்தன்றே வைக்கத்தான் முதலில் பேச்சு. 2021 முதல் அன்று அரசு விடுமுறையும்கூட. ஆனால் நம்மில் பாதிப்பேர் பழனிக்குப் பாதயாத்திரை போய்விடுவதால், அடுத்து வந்த ஞாயிறு, பிப்ரவரி 16-க்குத் தள்ளினோம். காலில் கொப்புளத்தோடு வந்தவர்களுக்கு முன்வரிசை நாற்காலி.

சரவணன், செந்தில், ஆறுமுகம் ஆகியோர் “நாங்களும் அவன்தானே” என்று மனு கொடுத்தார்கள். அப்படிப் பார்த்தால் ஊரில் பாதி வந்துவிடும், சாம்பார் தாங்காது என்றார் நெட்டை முருகன். சாப்பிடலாம், ஓட்டு கிடையாது என்று முடிவானது. எனக்கு இதில் சம்மதமில்லை. வாடகை வாங்காமல் பந்தல் போட்டுக் கொடுத்தவர் அந்த ஆறுமுகம்தான்.

விழாவில் எனக்குப் பிடித்தது வாத்தியார் முருகனின் பேச்சு. பேரன் என்ற சொல்லே ‘பெயரன்’, தாத்தாவின் பெயரைத் தாங்கியவன் என்பதிலிருந்து வந்தது என்றார். ஆனால் மாமனார் பெயரை மருமகள் வாயால் சொல்லக்கூடாது என்பதும் அந்தக் கால வழக்கம். அப்புறம் எப்படிப் பிள்ளையைக் கூப்பிடுவது? ‘சாமி’, ‘தம்பி’ என்றுதான். நம் மூத்த உறுப்பினரின் பேரனும் முருகன்தான். ஆனால் மேடையில் பெயர் சொல்லி அழைத்தபோது அவன் அசையவில்லை. “குட்டி, உன்னைத்தான்டா” என்று அவன் அம்மா சொன்ன பிறகே எழுந்தான்.

உலக சாதனை பற்றி இளைஞர்கள் கேட்டார்கள். 2022-இல் டோக்கியோவில் தனகா ஹிரோகசு என்ற பெயர்க்காரர்கள் 178 பேர் கூடி, 2005-இல் அமெரிக்காவில் 164 மார்த்தா ஸ்டூவர்ட்கள் வைத்த சாதனையை முறியடித்தார்கள். மறு வருடமே பெல்கிரேடில் 256 மிலிட்சா யோவனோவிச்கள் கூடிவிட்டார்கள். அதெல்லாம் குடும்பப்பெயரும் சேர்ந்து பொருந்த வேண்டிய கணக்கு. நமக்குக் குடும்பப்பெயர் ஏது? ஒற்றைப் பெயர் என்றால் 2017-இல் போஸ்னியாவின் குப்ரெஸ் பக்கம் கூடிய 2,325 இவான்களைத் தாண்ட வேண்டும். தைப்பூசத்தன்று பழனியில் நின்று “முருகா” என்று கூப்பிட்டால் அதைவிடக் கூட்டம் திரும்பும் என்றார் டைலர் முருகன். ஒருத்தரும் திரும்ப மாட்டார்கள், சாமியைக் கூப்பிடுவதாக நினைப்பார்கள் என்றார் ஒயர்மேன் முருகன். தீர்மானம் கைவிடப்பட்டது.

வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். ஜிபேயில் வேறு முருகனுக்குப் போன இரண்டு சந்தாக்களும் திரும்பி வந்துவிட்டன.

செயலாளர் பதவிக்கு மூன்று மனுக்கள் வந்துள்ளன. ஓட்டுச் சீட்டில் வெறுமனே முருகன் என்று எழுதினால் செல்லாது.

இப்படிக்கு,
போஸ்ட் ஆபீஸ் பக்கத்து வீட்டு முருகன்,
செயலாளர்