வேலிக்கு வெளியே இருக்கும் ஆபத்து

ஆசிரியருக்கு,

விமான விபத்து என்றாலே என்ஜின் கோளாறு, விமானியின் தவறு என்றுதான் பேசுகிறோம். ஓடுபாதை வேலிக்கு வெளியே நடப்பதை யாரும் கண்டுகொள்வதில்லை.

தரையிறங்கும் விமானம் ஏறக்குறைய 3 டிகிரி சரிவில் வருகிறது. ஓடுபாதைக்கு 2 கிலோமீட்டர் முன்னால் அதன் உயரம் 100 மீட்டர் சொச்சம்தான். அப்போது கீழிருந்து யாரோ விளையாட்டாக அடிக்கும் லேசர், விமானி அறைக் கண்ணாடியில் பட்டுச் சிதறி அறை முழுக்கப் பரவும். இருட்டுக்குப் பழகிய கண் கூசிப்போய், சில நொடிகளுக்கு ஓடுபாதை விளக்குகூடத் தெரியாது.

சரி, அது அறியாமை என்றே வைத்துக்கொள்வோம். குப்பை மேட்டுக்கு என்ன சாக்கு? இறைச்சிக் கழிவைக் கொட்டினால் பருந்து வரத்தான் செய்யும்; வந்த பருந்து விமானத்தில் மோதினால் ஆபத்துதான். விமான நிலையத்திலிருந்து 13 கிலோமீட்டருக்குள் குப்பைக் கிடங்கு வேண்டாம் என்று சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பே பரிந்துரைக்கிறது. பட்டாசு வெடித்துப் பறவை விரட்டுவதற்கு முன்னால், உள்ளாட்சி நிர்வாகங்கள் அந்தக் கழிவை அள்ளட்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்