மூலிகைக் களிம்பும் ஒவ்வாமையும்

ஆசிரியர் அவர்களுக்கு,

தங்கள் வார இணைப்பின் சருமப் பராமரிப்புக் கட்டுரை, மூலிகைக் களிம்புகளால் ஒவ்வாமை வராது என்று கூறியிருப்பது சரியன்று. லாவெண்டர் எண்ணெயில் உள்ள லினலூல், ஆரஞ்சுத் தோல் எண்ணெயில் உள்ள லிமோனீன் ஆகியவை காற்றுப்பட்டு ஆக்சிஜனேற்றம் அடையும்போது உருவாகும் ஹைட்ரோபெராக்சைடுகள், தொடு ஒவ்வாமைத் தோலழற்சிக்கு, அதாவது தோலில் படும் பொருள் ஒத்துக்கொள்ளாமல் வரும் அரிப்புக்கும் தடிப்புக்கும், நன்கு அறியப்பட்ட காரணிகள்.

செயற்கைப் பொருள்களும் விதிவிலக்கல்ல. மெத்தில்ஐசோதயசோலினோன் என்னும் பதப்படுத்தியை அமெரிக்கத் தொடு தோலழற்சிச் சங்கம் 2013ஆம் ஆண்டின் ஒவ்வாமைப் பொருளாக அறிவித்தது. ஐரோப்பிய ஒன்றியம், கழுவாமல் தோலிலேயே விடப்படும் அழகுப் பொருள்களில் அதை 2017 முதல் தடைசெய்து, கழுவிவிடும் ஷாம்பு போன்றவற்றில் 0.0015 சதவீதத்துக்கு மேல் கூடாது என்று வரையறுத்தது.

மாதக்கணக்கில் ஒத்துக்கொண்ட கிரீமே ஒருநாள் அரிப்பையும் கொப்புளத்தையும் தருவதில் வியப்பில்லை. நோய் எதிர்ப்பு மண்டலத்தின் டி-அணுக்கள் அப்பொருளை எதிரியாகப் பதிவு செய்துகொள்ள அத்தனை காலமும் ஆகலாம். அதன்பின்னும், பூசி ஓரிரு நாள் கழித்தே தடிப்பு வெளிப்படும் என்பதால், கிரீமை விட்டுவிட்டுக் கத்திரிக்காயையும் கருவாட்டையும் குற்றம் சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

காரணியைக் கண்டறியத் தோல் மருத்துவர் செய்யும் பேட்ச் பரிசோதனையில், ஐயத்துக்குரிய பொருள்களை முதுகில் ஒட்டி, பொதுவாக 48 மணி நேரம் கழித்து அகற்றிப் பார்த்து, ஓரிரு நாளில் மீண்டும் பார்ப்பார்கள். ஆஸ்துமாவுக்குச் செய்யும் ஊசிக்குத்துப் பரிசோதனை இதற்கு ஈடாகாது. கட்டுரையின் கூற்றுக்குத் திருத்தம் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
வாசகர் ஒருவர், மதுரை