எங்களுக்கும் எஃப்.சி. (தகுதிச் சான்று) பாருங்கள், ஆனால் வண்டிக்குப் பார்ப்பதுபோலப் பாருங்கள்

லாரி உரிமையாளர்களுக்கும் சரக்கு நிறுவன மேலாளர்களுக்கும்,

வணக்கம். நான் நாமக்கல் பக்கத்துக்காரன். கிளீனராக ஏறி, ஹெவி லைசென்ஸ் எடுத்து, 22 வருஷமாக ஓட்டுகிறேன். லோடு ஏற்றினால் வண்டியை எடைமேடையில் நிறுத்துவீர்கள். என்னை இத்தனை வருஷத்தில் யாரும் நிறுத்திப் பார்த்ததில்லை. மருந்துக்கடை வாசல் மெஷினில் நானாக ஏறிப் பார்த்தேன்: 96 கிலோ.

இப்போது சில கம்பெனிகள் பார்க்கத் தொடங்கிவிட்டன. என் நண்பர் ஒருவரை அப்படித்தான் ஏற்றிப் பார்த்தார்கள். 170 சென்டிமீட்டர் உயரம், 104 கிலோ. உயரத்துக்கு ஏற்ற எடையா என்று பார்க்கிற பி.எம்.ஐ. கணக்கைப் போட்டு, 36 வருகிறது, 30-க்குள் இருந்தால்தான் வண்டி என்று சாவியை வாங்கிக்கொண்டார்கள். "குறைச்சுட்டு வாங்க" என்றார்களாம். 17 கிலோவுக்கு மேல்! எத்தனை மாசத்தில், அதுவரை வீட்டுக்கு அரிசி யார் வாங்குவது என்பதற்குப் பதில் இல்லை.

எங்கள் எடையைப் பார்க்கவே கூடாது என்று நான் எழுதவில்லை. ஆர்.டி.ஓ. ஆபீசுக்கு டாக்டரிடம் வாங்கிப் போகிற 1-ஏ படிவத்தை எடுத்துப் பாருங்கள். நிறம் பிரித்துத் தெரிகிறதா, 25 மீட்டரில் நம்பர் பிளேட் படிக்க முடிகிறதா, ஹாரன் கேட்கிறதா, மாலைக்கண் உண்டா, கை கால் சரியா என்று இருக்கும். பிரஷர், சர்க்கரை பற்றி ஒரு வரி கிடையாது. குறட்டை பற்றியும் இல்லை. குறட்டை சிரிக்கிற விஷயமில்லை. கழுத்து பருத்தவர்கள் பலருக்குத் தூக்கத்தில் தொண்டை அடைத்து மூச்சு நின்று நின்று வரும். எட்டு மணி நேரம் படுத்தாலும் தூங்கின கணக்கில் சேராது. மறுநாள் ஸ்டீயரிங்கில் கண் சொருகும். இதற்கு வைத்தியம் இருக்கிறது. மூக்கில் மாட்டிக் காற்றை உள்ளே தள்ளும் மெஷின் இருக்கிறது, எடை குறைந்தாலும் தணியும். ஆனால் சொன்னால் சாவி போய்விடும் என்றால் எவன் சொல்வான்? பிரஷர் மாத்திரையைக்கூட வேறு டப்பாவில் போட்டு வைத்திருக்கிறவர்களை எனக்குத் தெரியும்.

அப்புறம், இந்த எடை எங்கிருந்து வந்தது? 1961-ல் வந்த மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டத்திலேயே ஒரு நாளைக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம்தான் வேலை என்று போட்டிருந்தது. ஐந்து ஆளுக்குக் குறைவாக வைத்திருந்த ஓனரை அது தொடவில்லை. தொட்ட இடத்திலும் யார் மதித்தார்கள்? நடைக்கு இவ்வளவு என்று படி பேசிவிட்டு, ஒரு நாள் முன்னால் வந்தால் நல்ல டிரைவர் என்கிறீர்கள். நாக்பூர் போய்த் திரும்பும்வரை உட்கார்ந்தே இருக்கிறோம். ராத்திரி 11 மணிக்கு டாபாவில் கிடைப்பது எண்ணெய் மிதக்கிற தால், பரோட்டா. கண் மூடாமலிருக்க இரண்டு மணி நேரத்துக்கு ஒரு டீ, சர்க்கரை தூக்கலாக. ஒதுங்க இடமிருக்காது என்று தண்ணீரைக் குறைத்துக்கொள்கிறவர்களும் உண்டு.

ஒல்லியாக இருந்தால் ஆரோக்கியம் என்றும் நினைக்காதீர்கள். என்னிடம் கிளீனராக இருந்து டிரைவரான தம்பி ஒருவன் தென்னங்கீற்றுபோல இருப்பான், ஆனால் லேசாகத் தொப்பை. அவனுக்குத்தான் சர்க்கரை 300. பி.எம்.ஐ. கணக்கில் அவன் பாஸ். நம் ஊர் ஆம்பளைக்கு இடுப்பு 90 சென்டிமீட்டரைத் தாண்டினாலே கவனிக்க வேண்டும் என்கிறார்கள் டாக்டர்கள். தையல்கடை டேப் போதும் அதற்கு.

வண்டி எஃப்.சி.யில் தவறினால் பழைய இரும்புக்கா போடுகிறீர்கள்? பட்டறையில் விட்டு, பிரேக் லைனிங் மாற்றி, பெயின்ட் அடித்து மறுபடி கொண்டுபோய்க் காட்டுகிறீர்கள். அமெரிக்காவில் லாரி டிரைவரையும் ஏறக்குறைய அப்படித்தான் நடத்துகிறார்கள். உடம்பு சரியாக இருந்தால் 2 வருஷத்துக்கு மருத்துவச் சான்று. பிரஷர் 140/90-க்கு ஏறிவிட்டால் உடனே வீட்டுக்கு அனுப்புவதில்லை. ஒரு வருஷத்துக்குக் கொடுத்துவிட்டு மறுபடி பார்க்கிறார்கள். 180/110 தொட்டால்தான், இறங்கும்வரை ஸ்டீயரிங் கிடையாது. அதை ஒப்புக்கொள்கிறேன். அந்த நிலையில் நானே ஏற மாட்டேன்.

ஆகவே பாருங்கள். எடையோடு பிரஷர், சர்க்கரை, தூக்கம் எல்லாம் பாருங்கள். செலவு உங்களுடையதாக இருக்கட்டும். ரிப்போர்ட் டிரைவரிடமும் டாக்டரிடமும் இருக்கட்டும். ஓட்டலாமா கூடாதா என்பது மட்டும் ஆபீசுக்குத் தெரிந்தால் போதும். ஓட்டக் கூடாத மாசங்களில் குடோனிலோ புக்கிங்கிலோ வேலை கொடுங்கள். நெடுந்தூரத்துக்கு மாற்று டிரைவர் போடுங்கள்.

என் நண்பர் வீட்டில் உட்காரவில்லை. மாசாமாசம் டியூ கட்ட வேண்டும். ஒற்றை வண்டி வைத்திருக்கிற ஓனரிடம் ஏறிவிட்டார். அங்கே எடை மெஷினும் இல்லை, மாற்று டிரைவரும் இல்லை. போன வாரம் ராத்திரி 2 மணிக்கு போன் செய்தார். விபத்துக்குப் பேர்போன தொப்பூர் மலை இறக்கத்துக்கு முன்னால் டீக்கடையில் நிறுத்தியிருக்கிறாராம், கண் சொருகுகிறதாம், கொஞ்ச நேரம் பேசிக்கொண்டிரு என்றார். படுத்துவிட்டுப் போங்கண்ணா என்றேன். 5 மணிக்கு லோடை இறக்கியாக வேண்டும் என்று வைத்துவிட்டார்.

இப்படிக்கு,
ஒரு லாரி டிரைவர்