சிம்பாவைக் கூட்டி வருவது பற்றி

அன்புள்ள கதிருக்கு,

இங்கே நலம். உன் மெசேஜ் வந்தது. கிறிஸ்துமஸ் லீவுக்கு வருகிறாய், சிம்பாவும் வருகிறான் என்று போட்டிருந்தாய். அம்மா போனை வாங்கித் திரும்பத் திரும்பப் படித்துவிட்டு, "வேற ஒண்ணும் எழுதலையா?" என்றாள். அவனுக்கு வேலை ஜாஸ்தி, சுருக்கமாகத்தான் எழுதுவான் என்று சொல்லிவைத்தேன். போன் பண்ணினால் நீ மீட்டிங்கில் இருக்கிறாய். அதனால்தான் இந்தக் கடிதம்.

தாராளமாக வா. இது உன் வீடு. ஆனால் நாய் விஷயம் கொஞ்சம் பேச வேண்டும், கோபப்படாதே.

சிம்பாவை வாங்கிய பிறகு நீ இங்கே வருவது இதுதான் முதல் தடவை. இந்தப் பக்கம் முன்பு மாதிரி இல்லை. 2001-இல் நம் வாங்கரை ஹெட்ஸ் முழுக்கத் தேடினாலும் 80 கிவிப் பறவைதான். இப்போது 1000-ஐத் தாண்டிவிட்டது. அரசாங்கமும் கவுன்சிலும் கைகொடுத்தது உண்மைதான். ஆனால் மழையோ வெயிலோ, கிவிக் குஞ்சைத் தின்கிற ஸ்டோட்டுக்கு வைத்த பொறியைத் திறந்து, செத்ததை எடுத்துப் போட்டுவிட்டு, இரைக்குப் புது முட்டை வைத்து மூடுவது ஊர்க்காரர்கள். மாடு வளர்க்கிறவர், ரிட்டயர்டு டீச்சர், படகு ரிப்பேர் செய்கிறவர், அப்புறம் உன் அப்பா. முன்பெல்லாம் பிரீம் ஹெட் காட்டுப் பக்கம் போனால்தான் கிவி. இப்போது நம் வேலிக்குப் பின்னால் இருக்கிற கானுகாப் புதரிலேயே ராத்திரி கத்துகிறது. காலையில் புல்தரையில் பார்த்தால் புழுவுக்காக அலகைக் குத்திக் குத்தி எடுத்த ஓட்டைகள்.

இயர் டென் படிக்கும்போது நீ ஆணி அடித்துக் கொடுத்த பொறிப்பெட்டி இன்னும் அந்தப் புரிரி மரத்தடியில்தான் இருக்கிறது. மூடியில் நீ எழுதிய பெயர் பாதி அழிந்துவிட்டது. போன மாதம் அதில் ஒரு ஸ்டோட் விழுந்தது. நம் ஊர்க் கீரியைவிட எவ்வளவோ சின்னது, வால் நுனி மட்டும் கறுப்பு. அதைத் தூக்கிக் காட்டி, இது என் பையன் செய்த பெட்டி என்று எல்லாரிடமும் சொன்னேன். போன வருஷம் வந்தபோது நீ லேப்டாப்பை விட்டு எழுந்து வந்து அந்தப் பெட்டியை ஒரு எட்டுப் பார்க்கவில்லை என்பதைச் சொல்லவில்லை.

கிவிக் குஞ்சு முட்டையை உடைத்து வரும்போதே முழு இறகோடு வரும். எண்பது நாள் பக்கம் அடைகாப்பது அப்பன்தான். ஆனால் ஒரு வாய் இரை ஊட்ட மாட்டான். வயிற்றில் மிச்சமிருக்கிற மஞ்சள் கருவை வைத்து முதல் பத்து நாள் ஓட்டிவிட்டு, குஞ்சு அதுபாட்டுக்கு மேயக் கிளம்பிவிடும். சில வாரங்களில் கூட்டையே விட்டுப் போய்விடும். இதை நான் சாப்பிடும்போது சொன்னேன். அம்மா என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு ரசத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

ஒரு கிலோ எடை வந்துவிட்டால் ஸ்டோட் கிட்டே வந்தால் உதைத்துத் துரத்திவிடும். அதுவரைக்கும் உயிருக்கு உத்தரவாதம் இல்லை. அதனால்தான் சில குஞ்சுகளை நம் துறைமுகத்தில் இருக்கிற மாத்தகோஹே தீவில் வளரவிட்டு, எடை போட்டுப் பார்த்து இங்கே கொண்டுவந்து விடுகிறார்கள்.

நாய் விஷயம் அப்படி இல்லை. வளர்ந்த கிவியும் தப்பாது. பறக்கிற பறவைக்கு நெஞ்சில் இருக்கிற அந்தக் கெட்டி எலும்பு கிவிக்குக் கிடையாது. நாய் விளையாட்டாகக் கவ்வினாலே உள்ளே நசுங்கிவிடும். 1987-இல் வைத்தாங்கி காட்டில் ஒரே ஒரு ஜெர்மன் ஷெப்பர்ட், சுமார் ஆறு வாரத்தில் 500 கிவி வரை கொன்றிருக்கும் என்று கணக்குப் போட்டார்கள். காலில் ரேடியோ கட்டிவிட்ட பறவைகள் வரிசையாகச் செத்ததால்தான் விஷயமே வெளியே வந்தது. நாய் தொந்தரவு இல்லாத இடத்தில் 40 வருஷம்கூட இருக்கிற பறவை. நார்த்லேண்டில் சராசரி 13, 14 வருஷம்தான்.

சிம்பா சாது என்பாய். டைகரும் சாதுதான். ஆச்சி வீட்டுக் கோழிக்கூட்டுக்கு அப்புறமும் நீ அதையேதான் சொன்னாய்.

ஆகவே அவனைக் கட்டித்தான் வைக்க வேண்டும். பகலில் கயிறு, ராத்திரி காரேஜ். கிவி வாடை வந்தால் விலகிப்போகிற மாதிரி நாய்க்கு ஒரு பயிற்சி கொடுக்கிறார்கள், கழுத்துப்பட்டையில் லேசாக ஷாக் வைத்து. நீ சரி என்றால் பதிவு செய்துவைக்கிறேன். ஆனால் பயிற்சி முடித்துவிட்டான் என்று அவிழ்த்துவிடக் கூடாது. பிரீம் ஹெட் நடைபாதைக்கு நாயே கூடாது. டிசம்பரில் குஞ்சுகள் வேறு அலையும். பருவா பே தாண்டியதும் காரையும் மெதுவாக ஓட்டு, இருட்டில் ரோட்டைக் கடக்கும்.

கிவிக்கு வாடை ரொம்பப் பலம். காலில் டிரான்ஸ்மிட்டர் மாற்றுகிற பெண்மணிக்கு ஒரு நாள் நான் டார்ச் பிடித்தேன். கிட்டத்தில் ஈரக் காளான் வாடை. தொட்டால் இறகு என்றே தோன்றாது, முரட்டு முடி. மூக்குத் துளை அலகின் நுனியில் இருக்கிறது, அதில் புஸ் புஸ் என்று ஊதிக்கொண்டே இருந்தது. சிம்பா மாதிரி ஒரு நாய்க்கு அந்த வாடை எவ்வளவு தூரத்தில் தெரியும் என்று யோசித்துப் பார்.

ஜூனில் கிவி கத்துவதைக் கேட்டுக் கணக்கெடுக்கப் போனோம். இருட்டினதும் இரண்டு மணி நேரம் அசையாமல் உட்கார வேண்டும், உனக்குத்தான் தெரியுமே. மீரா உட்கார்ந்த இடத்தில் இந்த வருஷம் அம்மா உட்கார்ந்தாள். மீரா எழுதின தாள் மாதிரி யாருடையதும் இல்லை என்று குழுவில் இன்னும் சொல்கிறார்கள். நேரம், திசை எல்லாம் அவ்வளவு சுத்தம். ஆண் கீச்சென்று இழுக்கும், பெண் கரகரவென்று பதில் கொடுக்கும், இரண்டும் ஒரே பக்கம் கேட்டால் ஜோடி என்று குறிப்போம். ஒன்று மட்டும் கத்தினால் அதையும் குறித்துக்கொள்வோம், அவ்வளவுதான். பக்கத்துப் பண்ணைக்காரர் மீராவை விசாரித்தார். நன்றாக இருக்கிறாள் என்றேன். சரிதானே?

உனக்குப் புது வேலையில் பெரிய பொறுப்பு கொடுத்திருக்கிறார்கள் என்று உன் சித்தி சொல்லித்தான் தெரிந்தது. சந்தோஷம். எங்களிடமும் சொல்லியிருக்கலாம்.

சிம்பாவைக் கட்டி வைக்க நீளமான கயிறாகவே வாங்கிவிட்டேன். மாடி அறையைத் துடைத்து வைத்தாயிற்று. பெரிய கட்டில் போட்டிருக்கிறது, மாற்ற வேண்டுமானால் சொல். கிறிஸ்துமஸ் சமயத்தில் ஸ்னாப்பர் விலை ஏறிவிடும், முன்னாடியே வாங்கி ஃப்ரீசரில் வைக்க வேண்டும். மீரா மீன் தொடமாட்டாள், அவளுக்குத் தனியாகப் பருப்பு உசிலி செய்வதா என்று அம்மா கேட்கிறாள். இந்த வாரத்துக்குள் பதில் போடு.

அப்பா